காரைக் கட்டிப் பார், பூட்டியும் பார்!

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இரண்டையும் செய்து முடித்தவனுக்குத்தான் பணம் எப்படிப் பறக்கிறது, பந்துக்கள் எப்படிக் கோபித்துக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும். இங்கிலாந்திலே மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அங்கே காரையே வீட்டில் கட்டிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இது ஏதோ விளையாட்டுப் பேச்சு என்று வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. வாஸ்தவமாகவே கட்டுகிறார்கள். இரும்புக் குழாய்களை அறுத்து, பற்றவைத்து, ஒரு கூடு செய்கிறார்கள். பழைய கார் ஒன்றை வாங்கிப் பிரித்து, அதன் இன்ஜின், கியர்பெட்டி, சக்கர அச்சு, ஸ்டீயரிங் தண்டு எல்லாவற்றையும் அந்தக் கூட்டில் பொருத்துகிறார்கள். கூட்டைத் தாமே செய்ய முடியாதவர்கள், அதைத் தயாரித்து விற்கும் கம்பெனிகளிடமிருந்து பாகங்களை மொத்தமாக வாங்கிக்கொள்கிறார்கள். இதற்குக் ‘கிட் கார்’ என்று பெயர்.

இந்தப் பழக்கம் பரவியதற்கு வரியும் ஒரு காரணம் என்பது ரசமான விஷயம். 1957-ம் வருஷம் காலின் சாப்மன் என்பவர் தமது லோட்டஸ் கம்பெனியின் சார்பில் ‘செவன்’ என்ற சின்னஞ்சிறு வண்டியைக் கொண்டுவந்தார். முழுக் காராக வாங்கினால் விற்பனையோடு வரியும் கட்ட வேண்டும். பாகங்களாக வாங்கினால் அந்த வரி இல்லை. ஆனால் பாகங்களோடு, எப்படிப் பூட்டுவது என்ற குறிப்புப் புத்தகம் கொடுக்கக் கூடாதாம். கம்பெனிக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? காரை எப்படிப் பிரிப்பது என்று ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்து, அதைத் தலைகீழாகப் படித்துக்கொள்ளும்படி விட்டுவிட்டார்கள் என்று ஒரு கதை சொல்லுவார்கள். 1973-ல் பழைய வரி போய்ப் புதிய மதிப்புக்கூட்டு வரி வந்தபோது அந்தச் சலுகை மறைந்தது. அதே வருஷம் லோட்டஸ் கம்பெனி அந்த வண்டியைக் கைகழுவ, கேட்டர்ஹாம் என்ற கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. வரிச் சலுகை போயிற்றே தவிர ஆசை போகவில்லை. 1996-ல் ரான் சாம்பியன் என்பவர் 250 பவுனுக்கே சொந்தமாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று புத்தகம் போட்டார். அந்தத் தொகைக்குள் யார் யார் கட்டி முடித்தார்களோ, அது அவரவர் மனச்சாட்சிக்குத்தான் வெளிச்சம். ஆனால் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கொட்டகைக்குள் புகுந்தவர்கள் ஏராளம்.

அப்படி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட உபாத்தியாயர் என்று வைத்துக்கொள்வோம். சனி, ஞாயிறுகளில் கொட்டகையிலேயே குடியிருக்கிறார். இரண்டு குளிர்காலம் போய்விட்டது. சாப்பாட்டு மேஜையின் மீது கார்ப்பரேட்டர் உட்கார்ந்திருப்பது பற்றி மனைவி முதலில் சண்டை போட்டு, பிறகு அலுத்துப் போய், இப்போது அதற்கும் ஒரு தட்டு வைக்கட்டுமா என்று கேட்கிற நிலைக்கு வந்துவிட்டாள். ஒரு நாள் வண்டி உறுமுகிறது. மனுஷர் கண்ணில் ஜலம் ததும்புகிறது. இனி ரோட்டிலே விட வேண்டியதுதான் பாக்கி!

அந்தப் பாக்கிதான் பெரிய பாக்கி.

கடைசிப் பரீட்சை

இப்படி வீட்டில் கட்டிய கார்களை ரோட்டில் விடுவதற்கு முன் சர்க்கார் பரிசோதனை நிலையத்தில் காட்டி அனுமதி பெற வேண்டும். 1998-ல் இதற்கென்று தனியாக ஒரு பரீட்சை ஏற்பட்டது. 2009-ல் அதை இன்னும் கடுமையாக்கி, ‘ஐ.வி.ஏ.’ என்ற பெயரில் புதிய பரீட்சை வந்தது. பிரேக், விளக்கு, கண்ணாடி, புகை, சத்தம், வேகமானி என்று ஒன்று விடாமல் பார்ப்பார்கள். வெளிப்புறத்தில் 100 மில்லிமீட்டர் குண்டு ஒன்று தொடக்கூடிய இடத்தில் கூர்மையான விளிம்பு இருக்கக் கூடாது. ஓரம் குறைந்தபட்சம் 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு வளைந்திருக்க வேண்டும். வழியில் போகிறவர் மீது உரசினால் சதையைக் கிழிக்கக் கூடாதே என்பதற்காக. நியாயமான ஏற்பாடுதான். இதற்காக ரப்பர் பட்டையை முழக்கணக்கில் வாங்கி ஒட்டாத கார்காரரே அங்கே இல்லை எனலாம்.

அந்த நீண்ட ஜாபிதாவில், திருட்டுத் தடுப்பு என்றும் ஒரு இனம் இருக்கிறது. உரியவரைத் தவிர வேறொருவர் வண்டியைக் கிளப்பி எடுத்துக்கொண்டு போகாதபடி தடுக்கும் சாதனம் வேண்டும் என்பது அதன் சாரம். வீட்டில் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றை நாடுகிறார்கள். பழைய காரிலிருந்து எடுத்த ஸ்டீயரிங் பூட்டை அப்படியே வைத்துக்கொள்வது ஒன்று. இன்ஜினைக் கிளம்பவிடாமல் தடுக்கும் ‘இம்மொபிலைசர்’ என்ற மின்சாரச் சாதனத்தைப் பொருத்துவது மற்றொன்று.

இந்த இடத்தில்தான் நமது உபாத்தியாயருக்குக் கோபம் வருகிறது. அவருடைய வாதத்தைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.

“ஐயா, என் வண்டிக்குக் கதவு இல்லை. கூரை இல்லை. ஜன்னல் இல்லை. மொத்த எடை ஐந்நூறு, அறுநூறு கிலோதான். திருட வருகிறவன் ஒரு டிரெய்லரைக் கொண்டுவந்து, இரண்டு பேராகத் தள்ளி ஏற்றிக்கொண்டு போய்விடுவான். ஸ்டீயரிங் பூட்டு அவனை என்ன செய்யும்? அப்படியே போனாலும் நஷ்டம் எனக்குத்தானே? பிரேக் பிடிக்காவிட்டால் பிறத்தியாருக்கு ஆபத்து, அதைச் சோதிக்கட்டும். என் சொத்தை நான் பூட்டி வைத்தால் என்ன, திறந்து போட்டால் என்ன? இதில் சர்க்காருக்கு என்ன வேலை?”

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எனக்கு இந்த வாதம் ஒப்பவில்லை. நான் சர்க்கார் விதியின் பக்கம். அந்த விதியை நிறைவேற்றும் விதத்தில் எனக்குக் குறை உண்டு, அதைப் பின்னால் சொல்லுகிறேன்.

நகை திருட்டுப் போனால் நஷ்டம் நகைக்காரருக்கு. அதை எடுத்தவன் அடகு வைக்கிறான், உருக்குகிறான். தெருவில் போகிற குழந்தைக்கு அதனால் ஆபத்து இல்லை. கார் அப்படியா? காரைத் திருடுகிறவர்களில் ஒரு பகுதியினர் விற்பதற்காகத் திருடுவதில்லை. இரவு நேரத்தில் எடுத்து, கண்மண் தெரியாமல் ஓட்டி, எங்காவது மோதிவிட்டு ஓடிவிடுகிற விடலைப் பையன்கள் அவர்கள். பிரிட்டனில் இந்த அட்டூழியம் பொறுக்க முடியாமல் போய், 1992-ல் இதற்கென்றே கடுமையான தண்டனைகளோடு தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். பழக்கமில்லாத கையில் சாதாரணக் காரே எமன். எடை குறைவும் இன்ஜின் வலுவும் சேர்ந்த கிட் காரைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? அதைக் கட்டியவருக்கே அதன் குணம் பிடிபட ஒரு மாசம் ஆகும்.

டிரெய்லர் கொண்டுவருகிற தொழில்முறைத் திருடனை எந்தப் பூட்டும் தடுக்காது என்பது வாஸ்தவம். பூட்டு தடுப்பது மற்றவனை. திண்ணையில் சாத்தி வைத்த சைக்கிளைப் பூட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? திருடவே நினைக்காதவன்கூட ஒரு சுற்றுச் சுற்றி வரலாம் என்று ஏறி உட்கார்ந்துவிடுவான்.

பூட்டின் சூட்சுமம்

ஸ்டீயரிங் பூட்டின் உள்ளே இருப்பது மிகவும் எளிய தந்திரம். ஸ்டீயரிங் தண்டில் ஒரு பள்ளம். பக்கத்தில் ஸ்பிரிங்கோடு கூடிய ஒரு தாழ். சாவியைத் திருப்பி வெளியே எடுத்தால் தாழ் பள்ளத்தில் விழுந்துவிடும். பிறகு சக்கரத்தைத் திருப்ப முடியாது. ஐக்கிய நாடுகளின் 116-ம் எண் வாகன ஒழுங்குமுறை, இத்தகைய பூட்டு 300 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையைத் தாங்க வேண்டும் என்கிறது. ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் முப்பது கிலோ மூட்டையைத் தொங்கவிட்டால் எவ்வளவு விசையோ அவ்வளவு. ஏறக்குறைய ஒரு சிப்பம் அரிசி.

இதில் ஒரு பயங்கரமும் இருக்கிறது. நிற்கும் வண்டியைக் காப்பாற்றுகிற அதே தாழ், ஓடும் வண்டியில் தவறி விழுந்தால் ஓட்டுகிறவர் கதி அதோகதி! வளைவில் சக்கரம் திரும்பாது. ஆகையால்தான் இன்ஜின் ஓடும்போது பூட்டு தற்செயலாக விழ இடமே இருக்கக் கூடாது என்று விதிகளில் அழுத்திச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய கம்பெனிகளுக்கே சாவித் துவாரம் எமனாக முடிந்ததுண்டு. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 2014-ல் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது நினைவிருக்கலாம். அது ஸ்டீயரிங் பூட்டின் குற்றமல்ல. சாவி ஸ்விட்சின் குற்றம். கனமான சாவிக் கொத்து ஆடினாலே ஸ்விட்ச் நழுவி, ஓடும்போதே இன்ஜின் நின்று, மோதும் நேரத்தில் காற்றுப் பையும் விரியாமல் போயிற்று. பின்னர் நஷ்டஈடு வழங்க ஏற்படுத்திய நிதி 124 மரணங்களை இந்தக் கோளாறோடு சம்பந்தப்பட்டவை என்று ஏற்றுக்கொண்டது. ஆயிரம் இன்ஜினீயர்கள் உள்ள இடத்திலேயே இப்படி என்றால், கொட்டகையில் தனியாக உட்கார்ந்து ஸ்டீயரிங் தண்டை அறுத்து ஒட்டுகிறவர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்! பூட்டின் தாழும் தண்டின் பள்ளமும் நேருக்கு நேர் இருக்க வேண்டும். தண்டு முன்பின் நகரக் கூடாது. பழைய பூட்டில் தேய்மானம் இருந்தால் காசு பார்க்காமல் புதிது வாங்கிப் போட வேண்டும்.

இம்மொபிலைசர் சங்கதி வேறு. சாவியின் தலைக்குள் அரிசி மணி அளவில் ஒரு மின்னணுச் சில்லு. சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள். சில்லு சொல்லுகிற ரகசிய எண்ணைச் சுருள் கேட்டு, இன்ஜினை ஆளும் பெட்டிக்குச் சொல்லுகிறது. எண் பொருந்தினால்தான் இன்ஜின் ஓடும். பழைய காரிலிருந்து இன்ஜினை மட்டும் பிடுங்கி வந்தவர்கள் இதில் படுகிற பாடு சொல்லி முடியாது. கிளப்பினால் ஒரு விநாடி ஓடும். அப்புறம் பொசுக்கென்று நின்றுவிடும். நாள் கணக்கில் பெட்ரோல் பம்பைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்! சாவி, சுருள், பெட்டி மூன்றையும் ஒரு குடும்பமாகக் கொண்டுவந்தால்தான் குடித்தனம் நடக்கும்.

தனியாக வாங்கிப் பொருத்துகிற இம்மொபிலைசர், ஸ்டார்ட்டர், இக்னிஷன், பெட்ரோல் பம்ப் போன்றவற்றில் இரண்டு இணைப்புகளையாவது துண்டிக்கும். தொழில் தெரிந்தவர்கள் இதற்கு ஒரே கறுப்பு நிறத்தில் கம்பிகளை ஓட்டுவார்கள். எது எங்கே போகிறது என்று திருடனுக்குப் புரியக் கூடாது. ஆனால் அரைகுறையாக முறுக்கி விட்ட ஒரு இணைப்பு, ஆறு மாசம் அதிர்ந்த பிறகு, லாரிகளுக்கு நடுவே அறுபது மைல் வேகத்தில் போகும்போதா கழன்று கொள்ள வேண்டும்? ஈயம் வைத்துப் பற்றவைத்து, உறை போட்டு, ஆடாமல் கட்டி வைப்பது அரை நாள் வேலைதான். அந்த அரை நாளைத்தான் பலரும் மிச்சம் பிடிக்கிறார்கள்.

பாதி வைத்தியம்

வீட்டில் கட்டுகிற கார்கள் கொஞ்சம்தானே, அவற்றை மட்டும் விட்டுவிட்டால் என்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. இதற்குச் சரித்திரம் பதில் சொல்லுகிறது.

மேற்கு ஜெர்மனியில் 1960-களின் தொடக்கத்தில் ஸ்டீயரிங் பூட்டைக் கட்டாயமாக்கினார்கள். பழையது, புதியது என்ற பேதமில்லாமல் எல்லாக் கார்களுக்கும். கார்த் திருட்டு கணிசமாகக் குறைந்தது; குறைந்த நிலையிலேயே நின்றது. பிரிட்டனிலோ 1971 முதல் புதிய கார்களுக்கு மட்டும் பூட்டு வந்தது. பழைய கார்களை யாரும் தொடவில்லை. பலன் என்ன? லண்டன் நிலைமையை ஆராய்ந்து பிரிட்டிஷ் உள்துறை இலாகா 1976-ல் வெளியிட்ட அறிக்கை அதைச் சொல்லுகிறது. 1969-ல் திருட்டுப் போன நூறு கார்களில் சுமார் 21 புதியவை. 1973-ல் அது சுமார் 5 ஆகிவிட்டது. பேஷ் என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா? ஆனால் மொத்தத் திருட்டு அப்படிக் குறையவில்லை. திருடர்கள் புதுக் காரை விட்டுவிட்டுப் பழைய காருக்குப் போய்விட்டார்கள். பழைய காரை வைத்திருக்கிறவர் யார்? புதுக் கார் வாங்க வழியில்லாதவர். வசதி உள்ளவர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ள, திருடன் பக்கத்துக் குடிசைக்குப் போனான் என்பதுதான் இதன் அர்த்தம்.

இது ஏதோ பழங்கதை அல்ல. ஐரோப்பாவில் 1998 முதல் புதிய கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயம். நெதர்லாந்தில் அதனால் கார்த் திருட்டு சுமார் 40 சதவீதம் குறைந்ததாக அங்குள்ள பொருளாதார நிபுணர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பழைய கார்களின் பக்கம் திருடர்கள் திரும்பியதையும் சேர்த்துப் பார்த்த கணக்கு இது. கானடாவிலும் 2007 முதல் கட்டாயம். அமெரிக்காவில் கட்டாயமாக்கவில்லை. கம்பெனிகளே மனமுவந்து செய்யும் என்று விட்டுவிட்டார்கள். பெரும்பாலானவை செய்தன. ஹியுண்டாய், கியா கம்பெனிகள் அமெரிக்காவில் விற்ற பல மலிவு ரகங்களில் மட்டும் வைக்கவில்லை. 2015-ம் வருஷத்து அவற்றின் கார்களில் 26 சதவீதத்தில்தான் இம்மொபிலைசர் இருந்தது. மற்றக் கம்பெனிகளின் கார்களில் 96 சதவீதம். இந்த ரகசியம் எப்படியோ பையன்களுக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டீயரிங் உறையைப் பிய்த்து, டெலிபோன் சார்ஜ் செய்கிற யூ.எஸ்.பி. கம்பியின் முனையால் திருகினால் வண்டி கிளம்புகிறது என்று வீடியோவே போட்டுவிட்டார்கள். 2022-ல் ஊர் ஊராக இந்தக் கார்கள் பறிபோயின. ஓட்டிப் போன சிறுவர்களில் சிலர் மோதிச் செத்தும் போனார்கள். 2023-ல் அந்தக் கம்பெனிகள் சுமார் 20 கோடி டாலர் கொடுத்து வழக்கைச் சமாதானம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. சில டாலர் மிச்சம் பிடிக்கப் போய் வந்த வினை.

ஆகவே நம் உபாத்தியாயருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். உம்முடைய கார் ஒன்றுதான் தெருவில் பூட்டில்லாதது என்றால், திருடன் வேறு எங்கே போவான்?

இதெல்லாம் விதிக்குச் சாதகமான பேச்சு. இனி என் குறையைச் சொல்லுகிறேன். ஐ.வி.ஏ. பரீட்சை ஆயுளில் ஒருமுறைதான். அதற்குப் பிறகு வருஷாந்திரச் சோதனை உண்டு என்றாலும், அது இவ்வளவு துருவிப் பார்ப்பதில்லை. இதன் பலன், பரீட்சைக்காக ஒரு வேஷம் போட்டு, வீடு திரும்பியதும் கலைத்துவிடுவது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. அழகைக் கெடுக்கிறது என்று ரப்பர் பட்டையை உரித்துப் போடுகிறார்கள். பெரிய கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சின்னது மாட்டுகிறார்கள். ஸ்டீயரிங் பூட்டையும், கால் கிலோ எடை குறையுமே என்று கழற்றி எறிகிற பந்தயப் பித்தர்கள் இருக்கிறார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தில் பூட்டு இருப்பதாகவே இருக்கும்! திருட்டுப் போன பிறகு கம்பெனிக்காரர் வந்து கேள்வி கேட்டால் அப்போது முழிக்க வேண்டியதுதான்.

இது கட்டுகிறவர்களுடைய குற்றம் மட்டுமல்ல. எதற்காக இந்த விதி என்று ஒருவரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லுவதில்லை. கையேட்டில் இருப்பது ஏகப்பட்ட ‘வேண்டும்’, ‘கூடாது’தான். ஜெர்மனியில் நடந்தது என்ன, லண்டனில் நடந்தது என்ன என்று இரண்டு பக்கம் எழுதி முன்னால் வைத்தால் காகிதம் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது. தன் கையால் காரே கட்டுகிற மனுஷருக்கு அது புரியாமலா போகும்?

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். திருட்டைப் பற்றிக் கவலையில்லை என்கிற கார்காரர் வாங்கிய இன்ஜினே எங்கிருந்து வந்தது? பழைய சாமான் சந்தையில் மலிவாகக் கிடைத்ததென்று வாங்குகிற பாகம், வேறொருவர் வீட்டு வாசலிலிருந்து காணாமற் போன காரினுடையதாக இருக்கலாம். அதனால்தான் பதிவு செய்கிற இலாகா ரசீதுகளைக் கேட்கிறது. பாகங்களின் பூர்வோத்தரம் சரிவரத் தெரியாத வண்டிக்கு ‘க்யூ’ என்ற எழுத்தில் தொடங்கும் நம்பரைக் கொடுத்துவிடுகிறது. அந்த எழுத்தை நெற்றியில் தாங்கிய வண்டிக்கு விற்பனையில் மதிப்பு மட்டு. கட்டுகிறவர்கள் அந்த நம்பரைக் கண்டாலே முகம் சுளிக்கிறார்கள். திருடனால் தமக்கு வருகிற இந்தத் தொல்லை மட்டும் அவர்களுக்கு நன்றாகப் புரிகிறது!

ஸ்டீயரிங் பூட்டைத் தண்டோடு பிணைப்பதற்கென்று ஒரு வகை போல்ட் உண்டு. முறுக்கிக்கொண்டே போனால், போதிய இறுக்கம் வந்ததும் அதன் தலை தானாக முறிந்து கீழே விழுந்துவிடும். பிறகு ஸ்பேனர் பிடிக்க இடமிராது. துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். பலர் பரீட்சைக்குப் போகும்போது அதைத் தலை முறியாமல் லேசாக முறுக்கி வைத்துக்கொண்டு போகிறார்கள். உபாத்தியாயர் அவர்களே, எல்லாம் நேராக இருக்கிறதா என்று ஒரு தடவைக்கு நாலு தடவை பாரும். பூட்டி, திறந்து, சக்கரத்தை இரண்டு பக்கமும் ஒடித்துப் பாரும். திருப்தியானதும், பரீட்சைக்கு முந்தின இரவே அந்த போல்ட்டைத் தலை முறிகிற வரையில் முறுக்கிவிடும்.